கண்துயிலும் கடைச்சரக்கும்

குறுந்தொகையில் கண் துயிலாதோர் பலர் உளர். பதுமனாரின் தலைவி நள்ளிரவில் விழித்திருக்கிறாள். ஊரார் பேச்சு அடங்கிவிட்டது. அகன்ற உலகமெல்லாம் உறங்குகிறது. உறங்காதவள் தான் ஒருத்தியே என உணர்கிறாள். ஔவையாரின் தலைவிக்கு அந்த அமைதியும் இல்லை. தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரை முட்டுவதா, தாக்குவதா, ஏதேனும் ஒன்றைச் சாக்காகக் கொண்டு கூவி எழுப்புவதா என்று சினக்கிறாள். கொல்லன் அழிசி பாடிய பாட்டில், ஊர் உறங்கியும் உறங்காத செவிக்கு வீட்டின் அயலே நிற்கும் நொச்சியின் பூக்கள் உதிரும் ஓசை கேட்கிறது.

இம்மூன்று பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். துயிலாமை என்பது இங்கே தனித்து நிற்கும் ஒரு குறையாகக் காட்டப்படவில்லை. அதற்குக் காரணம் உண்டு. காரணம் இன்னது என்பது துயிலாதவளுக்குத் தெரியும். அதைச் சொல்லுவதற்குத் தோழி என்னும் ஒரு செவியும் உண்டு. அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி பனிக்காலத்தில் தன் நோய்க்கு மருந்தையும் சுட்டுகிறாள். தலைவனின் மார்பே அம்மருந்து, பிறிதொன்று இல்லை என்கிறாள். காரணமும் மருந்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. காதலுக்கு மட்டும் உரிய நிலை அன்று இது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரசி அரண்மனைக் கட்டிலில் துயிலாதிருக்க, அரசனோ பாசறையில் நள்ளிரவிலும் பள்ளி கொள்ளாமல், தூவும் மழையில், புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் செய்து திரிகிறான். அவனுக்குத் துயில் வாராமைக்கு அவ்வீரர் பட்ட புண்ணே காரணம். அதனால் அவன் அவர்களை நோக்கி நடக்கிறான்.

இவை பழைய பாடல்கள். இவற்றுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மருந்தகங்களுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், அவற்றைச் சூழ்ந்த பேரங்காடிகளிலும், இன்று மருந்தகம் இல்லாத இடம் காண்பது அரிது. அவற்றின் தட்டுகளில் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் உரிய பகுதிகளை அடுத்து உறக்கத்திற்கென ஒரு பகுதி இடம்பெறத் தொடங்கியுள்ளது. மூலிகைத் தேநீர், வலேரியன் வேர்ச் சாறு, மக்னீசிய மாத்திரை, லவெண்டர் எண்ணெய் என அப்பகுதி விரிகிறது. மருந்தாளுநரிடம் கேட்டால், உள்ளிருந்து எடுத்துத் தரப்படும் ஒவ்வாமை மாத்திரைகளும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்குப் பொடியும் சாதிக்காயும் முன்னரே இருந்தன. இப்பொழுது அவையும் அழகிய புட்டிகளில் அடைபட்டு, உறக்கம் என்னும் சொல்லைத் தாங்கி நிற்கின்றன. கடைக்குச் செல்ல நேரமில்லாதவர்க்கு இணைய அங்காடி இருக்கிறது. நள்ளிரவில் விழித்திருப்பவன் கையில் உள்ள கைப்பேசியே அதன் கடைவாயில். உறக்கத்தைக் கெடுக்கும் கருவியும் உறக்கத்தை விற்கும் கருவியும் ஒன்றாகிவிட்டன. வணிகர்க்கு இதனினும் வாய்ப்பான நிலை வேறு வேண்டுமோ?

வாங்குவோர் யார் என்பதைப் பார்த்தால், தேவை பெருகுவதன் காரணம் ஓரளவு விளங்கும். கிள்ளான் துறைமுகம் இரவில் உறங்குவதில்லை. ஷா ஆலாம் தொழிற்சாலைகளின் எந்திரங்களும் உறங்குவதில்லை. பள்ளத்தாக்கின் உணவகங்கள் பலவற்றுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் கதவு இல்லை. இவற்றை இயக்குவோர் முறை மாற்றி வேலை செய்கின்றனர். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. பாதுகாவலர், பாரவண்டி ஓட்டுநர், தாதியர், துப்புரவாளர் எனத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவ்வேலைகளில் நிறைந்துள்ளனர். 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையையும் அதே திருத்தம் நீக்கியது. உரிமை என்ற அளவில் இரண்டும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பிச் சன்னலுக்குத் துணி கட்டிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடுபவளுக்கு உறக்கம் எப்படி வரும்? சித்த மருத்துவ நூல்கள் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு எனக் கூறி, அவற்றுள் ஒன்றாக நித்திரையை வைத்தன. இரவு வேலை அவ்வேகத்தை நாள்தோறும் அடக்குவது. அடக்கியதை மறுநாள் பகலில் அழைத்தால் அது வர மறுக்கிறது. அப்பொழுது கை மருந்தகத்தின் தட்டை நாடுகிறது.

கடையில் கிடைக்கும் இச்சரக்குகளின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. ஒவ்வாமைக்குரிய பழைய வகை மாத்திரைகள் தூக்கம் தருவது அவற்றின் பக்க விளைவு. அமெரிக்காவில் 1946இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த டைபென்ஹைட்ரமின் இவற்றுள் பெயர் பெற்றது. ஒவ்வாமையைத் தணிக்க வந்த பொருளின் மயக்கமே பின்னர் ஒரு தனிச் சரக்காக விற்பனைக்கு வந்தது. சில நாள் தொடர்ந்து உண்டால் உடல் அதற்குப் பழகி, தூக்கம் தரும் ஆற்றல் குன்றுகிறது. மந்தமோ மறுநாள் காலையிலும் தொடர்கிறது. முதியோர்க்கு வாய் வறட்சி, சிறுநீர்த் தடை, அறிவுக் குழப்பம் ஆகியவற்றைத் தரக்கூடும் என்பதால் அவர்களுக்கு இதனைத் தவிர்க்குமாறு முதியோர் மருத்துவ அறிஞர் அறிவுறுத்துகின்றனர். மெலட்டோனின் என்பது மூளையின் கூம்புச் சுரப்பி இருளில் சுரக்கும் பொருள். ஆரன் லெர்னர் 1958இல் அதனைப் பிரித்தெடுத்தார். அமெரிக்கச் சட்டத்தில் அது உணவுத் துணைப்பொருள். மலேசியாவில் அது மருந்து. இருப்பினும் இனிப்புப் பண்டம்போல் பழச்சுவையூட்டி அயல்நாட்டில் செய்யப்பட்ட மெலட்டோனின் மென்மிட்டாய்கள் இணைய வணிகத்தின் வழியே இங்கும் நுழைகின்றன. நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம், மருத்துவர் சீட்டின்றித் தரலாகாதவை என்றும் மருந்தாளுநர் தாமே தரத்தக்கவை என்றும் மருந்துகளைப் பிரித்து வைத்துள்ளது. வேலி வலிதுதான். ஆனால் அஞ்சலில் வரும் பொட்டலத்துக்கு வேலி தெரிவதில்லை.

இனி, மொழி கற்பிப்போர்க்கு நேரடியாக உரிய பகுதி வருகிறது. புட்டியின் மேல் ஒட்டப்பட்ட சிறு தாளும் ஒரு பனுவலே. அதனையும் படித்துத் திறனாய்வு செய்யலாம். உறக்க மருந்தின் தாளில் வரும் சொற்கள் பெரும்பாலும் சிலவே: இயற்கையானது, மென்மையானது, பழக்கமாகாதது, ஆழ்ந்த உறக்கம் தருவது. முதற்சொல்லை எடுத்துக்கொள்வோம். இயற்கை என்னும் சொல் இங்கே எதனைக் குறிக்கிறது? எட்டியும் இயற்கையே, ஊமத்தையும் இயற்கையே. அச்சொல் பொருளின் தன்மையைக் கூறவில்லை. வாங்குபவனின் அச்சத்தைத் தணிக்கிறது. ‘ஆழ்ந்த’ என்னும் அடையோ அளக்க இயலாதது. எழுவாய்களைத் தேடினால் வியப்பு மிகும். உறக்கம் வரும், களைப்பு நீங்கும், காலை மலரும் என வினைகள் வரிசையாக நிற்கின்றன. ஏன் உறங்கவில்லை என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. பதுமனாரின் பாட்டில் இருந்த ‘யான்’ இத்தாளில் இல்லை. யாருக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டதால் யாரையும் குறிக்காத மொழி இது.

சொல் பொருள் குறித்து நிற்க வேண்டும் என்பது தொல்காப்பியர் காலம் முதல் நமக்கு உள்ள இலக்கணம். கடைச்சரக்கில் அந்த இலக்கணம் எந்த அளவில் நிற்கிறது என்பதை 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மெலட்டோனின் மென்மிட்டாய் வகைகள் 25ஐ ஆய்ந்தபோது, 22இல் தாளில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துவரவில்லை. குறித்த அளவில் 74 விழுக்காடு முதல் 347 விழுக்காடு வரை வேறுபாடு இருந்தது. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. உரையாசிரியர் ஒருவர் மூலத்தில் இல்லாத பொருளை இப்படிக் கூறியிருந்தால் தமிழ்ப் புலவர் அவரைச் சும்மா விட்டிருப்பார்களா? தேவை பெருகியதன் விளைவு குழந்தைகளிடத்தும் தெரிந்தது. அமெரிக்க நச்சுக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு வந்த, குழந்தைகள் மெலட்டோனின் உட்கொண்ட செய்திகள் 2012இல் 8,337, 2021இல் 52,563. மிட்டாய் வடிவில் இருப்பதை மிட்டாய் எனக் குழந்தை கருதியது குழந்தையின் பிழையாகாது.

இத்தகைய சொற்களால் உலகம் ஒருமுறை பெருந்துயரம் கண்டது. தாலிடமைட் என்னும் உறக்க மருந்து 1957 அக்டோபர் முதல் நாள் மேற்கு செருமனியில் ‘கொண்டர்கன்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது என்பதே அதற்குக் கூறப்பட்ட பெருமை. ஆகவே மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. கருவுற்ற மகளிரும் அதனை உண்டனர். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டபொழுது, பல நாடுகளில் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்திருந்தனர். அமெரிக்காவில் அதற்கு இசைவு தர மறுத்து மேலும் மேலும் சான்று கேட்டவர் பிரான்சிஸ் கெல்சி என்னும் அம்மையார். ‘தீங்கற்றது’ என்ற ஒரு சொல்லுக்கு அவர் சான்று கேட்டார் என்பதே அவர் செய்தது. இன்றைய மாத்திரைகள் தாலிடமைட் போன்றன என்பது கருத்தன்று. அவற்றை அப்படி அஞ்சவேண்டியதில்லை. தாளில் உள்ள சொல்லைக் கேள்வி கேட்கும் பழக்கத்துக்கே இக்கதை உரியது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். பின்னர் நோயை ஆராய்ந்து, அதன் முதற்காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயல்படுமாறு கூறினார். இக்குறளை மேடையில் எடுத்துக்காட்டாதார் இலர். அதிகாரத்தின் இறுதிக் குறளோ அத்துணைப் பேச்சுக்கு வருவதில்லை. மருத்துவம் நான்கு கூறுடையது என்கிறது அது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். உடனிருப்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணிய நுட்பம் போற்றத்தக்கது. கடைத்தட்டில் கைநீட்டி எடுக்கும் உறக்க மருந்தில் இந்நான்கனுள் எஞ்சுவன இரண்டே. நோயுற்றவன் இருக்கிறான், மருந்து இருக்கிறது. மருத்துவன் இடத்தைப் புட்டியின் தாள் பிடித்துக்கொண்டது. உழைச்செல்வான் இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

கிள்ளான் வட்டாரத்துக்கு இச்செய்தி புதிதன்று. அந்நாளில் தோட்டத் தொழிலாளிக்குத் துயில் தந்த சரக்கு கள். பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, ரப்பர்ப் பால் வெயிலுக்கு முன்னர் நன்கு வடியும் என்பதற்காக இருள் பிரியும் வேளையிலே காட்டுக்குள் நுழைந்து, பால் எடுத்து, சுமந்து, நிறுத்து, மாலையில் லயத்துக்குத் திரும்பியவனுக்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்தது. பல தோட்டங்களில் அக்கடை நிருவாகத்தின் பொறுப்பிலேயே நடந்தது. அதன் வருவாய் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்றும் சொல்லிக்கொண்டனர். உடல் வலியை மறந்து உறங்குவதற்கு ஒரு குவளை. அதற்குரிய காசு அவன் கூலியிலிருந்தே. மறுநாள் விடியலில் பெரட்டு. வலியைத் தந்த இடமே வலி மறக்கும் சரக்கையும் விற்றது என்பதை அக்காலத்தில் உணர்ந்தவர் பலர். மேடைகளில் மதுவிலக்குப் பேசியோர் தொழிலாளியின் ஒழுக்கத்தைக் கண்டித்தனர். குடிப்பவனைக் குறை கூறுவது எளிது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் அதனை வேறு வகையில் நோக்கியது. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழித் தொழிலாளரைத் திரட்டினர். அவர்கள் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவுக்கு முடிவு என அப்பட்டியல் நீள்கிறது. அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது; நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. எழுத்தறிவு குறைந்தோர் எனக் கருதப்பட்ட அம்மக்கள் நோயையும் நோய் முதலையும் ஒரே தாளில் எழுதித் தந்தனர். கள்ளை மட்டும் நிறுத்தக் கேட்டிருந்தால் அது ஒழுக்கப் பேச்சாக முடிந்திருக்கும். வேலை நேரத்தை மட்டும் குறைக்கக் கேட்டிருந்தால் கள் மீண்டும் வென்றிருக்கும். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அக்கோரிக்கைத் தாளை வரலாற்று மாணவர் படிக்கின்றனர். தமிழ் மாணவரும் படிக்க வேண்டும். சுருங்கச் சொல்லிக் காரணம் விளக்கும் உரைநடைக்கு அது தக்க எடுத்துக்காட்டு.

உறக்கத்தைப் பற்றித் தமிழ் நூல்கள் கூறுவனவற்றுள் துயிலாமை ஒரு பாதி. துயில் தருவது மற்றொரு பாதி. புறத்திணையில் பாடாண் துறைகளுள் கண்படைநிலை என ஒன்றும் துயிலெடைநிலை என ஒன்றும் தொல்காப்பியர் வைத்தார். உறங்கச் செய்வதும் உறங்கியவரை எழுப்புவதும் பாடத்தக்க செயல்கள் என்பது இதனால் பெறப்படும். பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவம் தாலப் பருவம். ஆழ்வார்கள் தாலாட்டும் பாடினர், திருப்பள்ளியெழுச்சியும் பாடினர். இவற்றில் எல்லாம் துயில் என்பது ஒருவர் மற்றவர்க்குத் தருவது. நாட்டுப்புறத் தாலாட்டைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். அழும் குழந்தையிடம் அடித்தவர் யார் என்று தாய் வினவுகிறாள்; மாமனா, அத்தையா, பாட்டியா என ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேடுகிறாள். ஆராரோ என்பதையே ‘யார் யாரோ’ எனப் பிரித்துப் பொருள் காண்பாரும் உளர். தூளியை ஆட்டிக்கொண்டே அழுகையின் காரணத்தைக் கேட்கும் பாட்டு அது. ரப்பர்த் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் தொங்கிய சேலைத் தூளிகளில் வளர்ந்தோர் பலர் இன்னும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் இன்று மாத்திரை இல்லாமல் உறங்க இயலாத முதியோர்.

மோசிகீரனாரின் கதை பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததே. நீராட்டுக்காக முரசு வெளியே கொண்டு செல்லப்பட்டிருந்தது. அதற்குரிய கட்டிலை அதன் சிறப்பறியாமல் பூ மெத்தை எனக் கருதிப் புலவர் ஏறி உறங்கிவிட்டார். முரசுகட்டிலைத் தீண்டுவது பெருங்குற்றம், வாளால் வெட்டியிருக்கலாம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாமல், அருகே வந்து, தன் வலிய தோளை வீசி விசிறி நின்றான். இதனை வகுப்பில் கூறும்போது சேரனின் தமிழ்ப்பற்றைச் சிறப்பிப்பது மரபு. அது சரியே. ஆயினும் பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. களைத்த ஒருவனின் உறக்கத்துக்கு அதிகாரமுடைய ஒருவன் சிறிது நேரம் காவலானான். அவன் எழும்வரை காத்திருந்தான். கம்பனின் குகனும் பரதனிடம் ஒரு காவலையே சொல்கிறான்: இராமனும் சீதையும் துயில, இலக்குவன் வில்லை ஊன்றியவாறு, கண்ணீர் வழிய, இமையாமல் விடியுமளவும் நின்றான் என்கிறான். துயில்வோர் இருவர், துயிலாதவன் ஒருவன். அவன் துயிலாமையே அவர்களின் துயில்.

இவ்வாறெல்லாம் கூறும்பொழுது எதிர்வாதம் ஒன்று எழுவது இயல்பு. நொச்சிப்பூ உதிரும் ஓசையைக் கேட்டுக் கிடப்பது பாட்டுக்கு அழகு. மறுநாள் பாரவண்டி ஓட்டவேண்டியவனுக்கு அது ஆபத்து. இவ்வாதம் நியாயமானது. துயிலாமையைப் புலமைக்கு அணியாக்கி மகிழ்வோர், அதனால் கண்ணெரிச்சலோடு எந்திரத்தின் முன் நிற்பவனை மறந்துவிடுகின்றனர். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயினர் உளர். அவர்க்கு மருத்துவமனையே புகல், மயக்க மருந்தோ தீங்கு. நெடுநாள் துயிலாமையால் உள்ளம் தளர்ந்தோர்க்கு மருத்துவர் தரும் மருந்து இன்றியமையாததாகவும் அமையும். மருந்தைப் பழிப்பது அறியாமை. ஆனால் மருத்துவ அறிஞர் கூறுவது என்ன என்பதையும் காண வேண்டும். 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாட்பட்ட துயிலாமைக்கு முதற்கண் மேற்கொள்ள வேண்டியது மாத்திரையன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் பேச்சு மருத்துவமே என்று பரிந்துரைத்தது. படுத்த நேரம், எழுந்த நேரம், இடையே மனத்தில் ஓடியவை ஆகியவற்றை நாட்குறிப்பாக எழுதச் சொல்வது அம்முறையின் ஒரு கூறு. 2017இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் டைபென்ஹைட்ரமின், மெலட்டோனின், வலேரியன் மூன்றையும் நாட்பட்ட துயிலாமைக்குப் பயன்படுத்த வேண்டாம் எனக் கருத்துரைத்தது. தட்டில் முன்வரிசையில் நிற்பவையும் இவற்றின் இனத்தனவே. துயிலாதவரைப் பேசவும் எழுதவும் வைப்பதில் அறிவியல் தோழியின் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பேச வைப்பது இலக்கியத்தின் வேலையுமாகும். இவ்விடத்தில் மலேசியத் தமிழ்ப் புனைகதையைப் பற்றி ஒரு குறை சொல்லாமல் இருப்பதற்கில்லை. தோட்டத்து விடியற்காலை நம் கதைகளில் நன்றாகவே வாழ்கிறது. பெரட்டு மணி, கங்காணியின் குரல், நெற்றியில் கட்டிய விளக்கு, பனியில் நனைந்த மரப்பட்டை ஆகியவற்றை எழுதாத கதையாசிரியர் குறைவு. நகரத்து நள்ளிரவுக்கு அத்தகைய இடம் இன்னும் கிடைக்கவில்லை. அடுக்குமாடியின் பத்தாம் தளத்தில் கடன் தவணையை எண்ணிக்கொண்டு விழித்திருப்பவன், துறைமுகச் சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் இருக்கையிலேயே சாய்பவன், இரவு வேலைக்குச் செல்லுமுன் பிள்ளைக்குச் சோறு ஊட்டித் தாலாட்டை விரைந்து முடிப்பவள் ஆகியோரை நம் எழுத்து எட்டியும் எட்டாமலும் விட்டிருக்கிறது. எழுதப்படும்போதும் அவர்கள் பெரும்பாலும் இரக்கத்துக்குரியோராகவே வருகின்றனர். கூர்மையான செவியுடையோராக வருவதில்லை. கொல்லன் அழிசியின் பெயரில் உள்ள கொல்லன் என்னும் சொல் அவர் தொழிலைக் குறித்ததாயின், உலைக்களத்தின் பேரொலியில் வாழ்ந்த ஒருவரே பூ உதிரும் ஓசையைப் பாடினார் என்று கருத இடமுண்டு. எந்திரச் சாலையிலிருந்து அப்படி ஒருவர் எழுத மாட்டார் என்று யார் சொன்னது?

வகுப்பறையில் முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்க்கும் மாணவனை எழுப்பி நிறுத்துவது ஆசிரியர்க்கு வழக்கம். மடி, மறதி, காலம் தாழ்த்தல் ஆகியவற்றோடு துயிலையும் சேர்த்துக் கெடுவார் விரும்பும் நான்கு எனக் கூறிய குறள் அப்பொழுது நினைவுக்கு வருவதும் வழக்கமே. வள்ளுவர் கண்டித்தது சோம்பலின் துயிலை. நள்ளிரவுவரை தம்பியைப் பார்த்துக்கொண்டு, தாய் திரும்புமுன் எழுந்து பள்ளிக்கு வந்த பிள்ளையின் துயில் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வினா போதும். அதனைக் கேட்க இரண்டு நிமிடம் ஆகும். அப்படிக் கேட்டறிந்த ஆசிரியர் அதே பிள்ளைக்குக் கொல்லன் அழிசியின் பாட்டை நடத்தும்பொழுது, பழைய உரைக்குறிப்பையும் விடாமல் சொல்லிவிடலாம். குறிப்பிட்ட இடத்துக்கு வரத் தவறிய தலைவன் மறுநாள் இரவு வந்து வேலிப்புறத்தே நிற்கிறான். அவன் கேட்கட்டும் என்றே, நேற்று நாங்கள் உறங்கவில்லை என்று தோழி சொல்கிறாள்.